பறவையறிஞர் சாலிம் அலியும் பரத்பூர் நீர்நிலையும்

சென்ற ஆடித் திங்களில் ஐந்தருவியில் நீராடித் தென்காசி நோக்கி மீண்டு வருங்கால், எம்முடன் வந்த தமிழ் மாணவர் இருவர்க்குள் ஒரு வழக்கு எழுந்தது. திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியின் பிற்பகுதியில், சிங்கன் என்னும் குறவன் நூவன் என்பானைத் துணைக்கொண்டு, குற்றாலத்து வயல்களில் வந்திறங்கும் பறவைகட்குக் கண்ணி வைக்கும் செய்தி வருகின்றதன்றோ? அச்சிங்கனைப் பறவைகளின் பகைவன் என்பதா, அன்றி அவற்றை நன்கறிந்த அன்பன் என்பதா என்பதே வழக்கு. எப்பறவை எவ்வயலில் எப்பொழுது மேயும், எவ்வோசைக்கு அஞ்சி எழும் என்பனவெல்லாம் அறிந்தவனே கண்ணி வைக்க வல்லன்; இவ்வளவு அறிவு அன்பின்றி வாராது என்றார் ஒருவர். அகப்பட்டதன் கழுத்தைத் திருகுவதும் அன்புதானோ என்றார் மற்றவர். சிற்றாற்றைக் கடக்குமட்டும் முடிவு காணப்படவில்லை. யாம் இருவர் பக்கமும் சேராது, இவ்வழக்கைத் தம் வாழ்நாள் முழுவதும் தம்முள்ளேயே சுமந்து சென்ற ஒருவரை நினைந்து நடந்தோம். அவர்தாம் சாலிம் அலி. இந்தியப் பறவைகளைப் பற்றி ஏதேனும் ஒன்று தெரிந்துகொள்ள விரும்புவோர் எவரும் அவர் பெயரைக் கடந்து செல்லுதல் இயலாது.

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். உடன்பிறந்தார் பலருள் இவரே கடைக்குட்டி. ஓராண்டு நிரம்பிய பருவத்தில் தந்தையையும், மூவாண்டுப் பருவத்தில் தாயையும் இழந்தார். தாய்மாமனாராகிய அமிருதீன் தயாப்ஜியும் அவர்தம் மனைவியாராகிய அமீதா பேகமும், தமக்கு மக்கட்பேறு இன்மையால், இக்குழந்தைகளைத் தம் மக்களாகவே கொண்டு கேத்வாடிப் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் வளர்த்தனர். அமிருதீன் வேட்டையில் விருப்பமுடையவர். அக்காலத்துச் செல்வர் வீட்டுச் சிறுவர்க்குத் துப்பாக்கி ஒரு விளையாட்டுப் பொருள். சாலிமுக்கும் ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. வீட்டைச் சூழ்ந்த சிட்டுக்குருவிகளே அவர்க்குப் புலியும் யானையும் ஆயின.

பத்தாம் ஆண்டுப் பருவத்தில் அவர் சுட்டு வீழ்த்திய குருவிகளுள் ஒன்றன் தொண்டையில் மஞ்சள் நிறம் தீற்றினாற்போல் ஓர் அடையாளம் காணப்பட்டது. அஃது உண்ணத் தகுந்ததோ அன்றோ என்னும் ஐயமே முதலில் பிறந்தது. மாமனார்க்கும் விடை தெரிந்திலது. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் உறுப்பினராயிருந்தமையால், சிறுவனை ஒரு கடிதத்தோடு அச்சங்கத்தின் செயலாளராகிய மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் அனுப்பினார். முன்பின் ஓர் ஐரோப்பியரோடு நேர் நின்று பேசியறியாத சிறுவன், காகிதத்தில் சுற்றிய குருவியுடன் அச்சத்தோடு வாயிலில் நின்றான். மில்லார்டு சினந்திலர், எள்ளி நகைத்தாரும் அல்லர். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு எனக் கூறி, பேழைகளைத் திறந்து, பஞ்சடைத்துப் பாதுகாக்கப்பெற்ற நூற்றுக்கணக்கான பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். படிக்க நூல்களும் ஈந்தார். சிறுவர் கேட்கும் வினாவிற்கு விடை கூற ஒரு நாழிகை செலவிடுதல் பெரியோர்க்குச் சிறு செயல். அந்நாழிகை இல்லையாயின் இந்நாட்டுப் பறவை நூல் வேறு வடிவம் பெற்றிருக்கும் என்றே யாம் கருதுகின்றோம்.

அச்சங்கத்தைப் பற்றியும் ஒரு சொல் ஈண்டுக் கூறல் வேண்டும். 1883இல் தோன்றிய அஃது அறிஞர் கூட்டம் மாத்திரம் அன்று; அதன் உறுப்பினருட் பலர் வேட்டைக்காரர். அக்காலத்தே இந்தியப் பறவைகளை ஆராய்ந்தோரில் பெரும்பாலார் ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையில் எழுதுகோலும் ஏந்தினோரே. காங்கிரசு மகாசபையைத் தோற்றுவித்தவர் என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் ஹியூம் துரையும் வேட்டைப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் செய்தவரே என்பதை அறியும்பொழுது எம்போன்ற மாணவர்க்கு வியப்பு உண்டாகின்றது.

சாலிம் அலி பள்ளியில் சிறந்த மாணாக்கரல்லர். கணக்கு அவர்க்குப் பெரும் பகை. தலைநோவும் அடிக்கடி வருத்திற்று. கல்லூரிப் படிப்பை இடையில் விடுத்துப் பர்மாவின் தென்பகுதியிலுள்ள தாவோய்க்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத்தொழிலையும் கவனிக்கத் தலைப்பட்டார். தொழில் வளர்ந்ததோ இல்லையோ, அந்நாட்டுக் காடுகள் அவர்க்குப் பள்ளியாயின. 1917இல் பம்பாய் திரும்பிய பின் வாணிக நூல் பயிலச் சேர்ந்தார். அவ்வேளையில் தூய சவேரியார் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏசுசபைக் குருவாகிய எத்தல்பர்ட் பிளாட்டர் அடிகளார், இவர்தம் உள்ளம் எங்குள்ளது என்பதை உணர்ந்து விலங்கு நூல் பயிலுமாறு தூண்டினார். பிளாட்டர் அடிகளார் தாவர நூலில் பெரும் புலமை வாய்ந்தவர். காலையில் கணக்கு ஏடும் பின்னர் விலங்கு நூலுமாக இருவேறு படிப்பை ஒருங்கே நடத்திய அந்த இளைஞரை, மிஷன் கல்லூரி மாணவராகிய யாம் நம்மவருள் ஒருவராகவே எண்ணி மகிழ்வதில் தவறில்லை. 1918 டிசம்பரில் தெகமினா என்னும் நங்கையை மணந்தார்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அரசாங்க விலங்காராய்ச்சித் துறையில் அவர்க்கு இடம் கிடைத்திலது. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வருவோர்க்கு விளக்கம் கூறும் பணி, திங்களுக்கு 350 ரூபாய் ஊதியத்தில் அமைந்தது. இரண்டு ஆண்டுகளில் அதில் சலிப்புற்று, விடுப்புப் பெற்று 1928இல் செர்மனி சென்று, பெர்லின் நகர விலங்குக் காட்சியகத்தில் பேராசிரியர் ஸ்ட்ரெசமன்பால் பறவை நூலை முறையாகக் கற்றார். ஹெலிகோலாந்துத் தீவில், பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுக்கும் முறையையும் நேரிற் கண்டார். 1930இல் தாயகம் திரும்பியபோது அவரை வரவேற்றது ஒரு கசப்பான செய்தி. பணமின்மையால் அவர்தம் பதவியே எடுபட்டுப்போயிற்று. பெர்லினில் கற்றுத் தேர்ந்து வந்த அறிஞர்க்கு ஒரு நாற்காலியும் இல்லை.

அவரும் மனைவியாரும் பம்பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள கீகிம் என்னும் கடற்கரையூரில் சிக்கனமாகக் குடியமர்ந்தனர். அங்கே ஒரு மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலையற்ற அறிஞர் ஏணியின்மீது அமர்ந்து திங்கட்கணக்கில் அவற்றை நோக்கியிருந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகின்றது. பெண் வந்து சோதித்து, மனத்திற்கு இசைந்தாற் குடிபுகுகின்றது. அதன்பின் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு ஆண் மற்றொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு துணையை நாடுகின்றது. நம் பனைமரங்களில் அன்றாடம் தொங்கும் கூடுகளின் உள்ளே நிகழும் இக்குடும்பச் செய்தியை முதன்முதல் உலகிற்கு விளங்கச் சொன்னவர் அவரே. வேலையிழந்ததனால் விளைந்த நன்மை இது.

பின்னர் அவர் கண்ட வழி, பணமில்லா அறிஞர் பலர்க்கும் பாடமாகத் தகுவது. சுதேச சமஸ்தானங்களின் பறவைகளை முறையாக ஆராய்ந்து கணக்கெடுப்பதற்குத் தாம் ஊதியமே வாங்காமல் உழைப்பதாகவும், கூடாரச் செலவையும் வழிச்செலவையும் மாத்திரம் சமஸ்தானம் தருமாயின் போதும் என்றும் தெரிவித்தார். ஐதராபாது முதலில் இசைந்தது. பின் கொச்சியும் திருவிதாங்கூரும், அவற்றின்பின் குவாலியர், இந்தூர், போபாலும் தொடர்ந்தன. 1933இல் திருவிதாங்கூர்ப் பகுதியில் அவர் சுற்றிய காலத்தில், குற்றாலத்தை அடுத்த செங்கோட்டை அச்சமஸ்தானத்தையே சேர்ந்திருந்தது. 1956இல்தான் அது தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே நம் மலைக்கு அப்பாலுள்ள தட்டேக்காடு முதலிய காடுகளில் அவர் எழுதிய குறிப்புகள் நமக்கும் உறவுடையன. பகல் முழுதும் காட்டில் திரிந்து, இரவில் விளக்கொளியில் தோலுரித்துப் பாடஞ்செய்து, குறிப்பெழுதி முடிப்பது அவர் வழக்கம். அந்நாள்களில் தெகமினா அம்மையார் கூடாரத்திலும் உடனிருந்தார். கணவர் எழுதிய ஆங்கிலத்தைச் செப்பனிட்டவரும் அவரே. 1939இல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சையின்பின் அவ்வம்மையார் மறைந்தார். அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கையார் வீட்டில் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் என்னும் அவர்தம் நூல், பறவை பார்த்தலைத் துரைமாரின் பொழுதுபோக்கு என்னும் நிலையினின்றும் நம் நாட்டு மாணவரின் கைக்குக் கொண்டுவந்தது.

இனி, யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததற்குக் காரணமான பரத்பூரின் செய்திக்கு வருவோம். ஆக்ராவிற்கு மேற்கே உள்ள பரத்பூர், சாட் மரபினர் ஆண்ட சமஸ்தானம். நகருக்கு அருகே கேவலாதேவ் என்னும் சிவன் கோயிலைச் சூழ்ந்து சுமார் 29 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் ஒரு நீர்நிலை உளது. இஃது இயற்கையாய் அமைந்த ஏரியன்று. பள்ளமான காட்டு நிலம்; 18ஆம் நூற்றாண்டில் சூரஜ்மல் மன்னர் கம்பீர், பாணகங்கை ஆறுகளின் நீரைத் தேக்குமாறு அஜான் அணையைக் கட்டியபின் அப்பள்ளத்திலும் நீர் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தானத்தார் அதனைக் காட்டு வாத்து வேட்டைக்கென்றே திருத்தி அமைத்தனர். குறுக்குக் கரைகள் எழுப்பி நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்தனர், கால்வாய் வெட்டினர், மதகுகள் அமைத்தனர், கரைகளில் கருவேல் மரங்கள் வளர்த்தனர். மழைக்காலம் முடியுந்தறுவாயில் அஜான் அணையின் மதகு திறக்கப்படும். நீரோடு மீன்குஞ்சுகளும் வந்து சேரும். ஆள் நின்றால் இடுப்பளவோ மார்பளவோ ஆழமுள்ள இந்நீரில் கோரையும் அல்லியும் செழித்து, ஐப்பசி கார்த்திகையில் இமயம் கடந்துவரும் வாத்துக் கூட்டங்கட்கு விருந்தாகும். மதகு திறவாவிடின் வாத்து இல்லை. வாத்து இல்லாவிடின் வேட்டை இல்லை. வேட்டை இல்லாவிடின் மதகு திறப்பதற்குச் சமஸ்தானத்தார் பணம் செலவிடுதற்கு ஒரு காரணமும் இல்லை.

அவ்வேட்டையின் பெருக்கத்தைச் சொல்லவும் நாக் கூசுகின்றது. 1902இல் கர்சான் பிரபுவுக்காக நடந்த முதற் பெருவேட்டையில் வீழ்ந்த பறவைகள் 540. 1914இல் ஹார்டிங்கு பிரபு வந்தபோது 4,062. 1916இல் செம்ஸ்போர்டு பிரபு வந்தபோது 4,206. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் 4,273. இவையெல்லாம் ஒவ்வொரு நாளின் கணக்கு. நாளும் விருந்தினர் பெயரும் பறவைத் தொகையும் கல்லில் வெட்டிக் கோயிலுக்கருகே நிறுத்தப்பெற்றன. இன்றும் அக்கல்வெட்டுகள் நிற்கின்றன. சோழ பாண்டியரின் கல்வெட்டுகளில் ஏரிக்கு நிலம் விட்டதும் விளக்குக்கு ஆடு விட்டதும் படித்துப் பழகிய தமிழ் மாணவர்க்கு இவ்வகைக் கல்வெட்டு புதுமையானதே. அந்த 1938 நவம்பர் 12, சாலிம் அலிக்கு 42 ஆண்டு நிறைவான பிறந்தநாள் என்பது தற்செயலே எனினும், அதனைக் கண்டபொழுது எம் உள்ளத்தில் தைத்தது.

ஆயினும் சாலிம் அலி இவ்வேட்டையாளரைப் பழித்து ஒதுங்கியவரல்லர். அவரும் இளமையில் விரும்பி வேட்டையாடியவர். ஆராய்ச்சிக்கென ஆயிரக்கணக்கான பறவைகளைச் சுட்டவர். நெறியோடு வேட்டையாடுவோன் தான் வேட்டையாடும் நிலத்தைக் காப்பான் என்பதை அவர் கண்கூடாகக் கண்டிருந்தார். ஒரு நாளில் நாலாயிரம் பறவை மடிந்தும் மறு ஆண்டில் வாத்துக்கள் மீண்டும் வந்தன. ஆனால் நீர்நிலை ஒருமுறை உழப்பட்டுக் கழனியாகிவிடின் அவை ஒருகாலும் வாரா. வாத்துக்குத் துப்பாக்கியினும் கலப்பை கொடிது என்னும் இவ்வுண்மையைச் சொல்ல எவர்க்கும் மனம் வாராது. ஏனெனில் கலப்பை பிடிப்பவன் நம் உழவன். அவன் வயிறும் வயிறே.

நாடு விடுதலை பெற்றபின் இவ்விடரே நேர்ந்தது. சமஸ்தானம் ஒழிந்தது. அரசர் ஒருவரின் விளையாட்டுக்காக இவ்வளவு நீரும் நிலமும் எதற்கு, அந்நீரைப் பாசனத்திற்கு விடுத்துப் பள்ளத்தை வற்றச்செய்து உழவர்க்குப் பங்கிடுக என்னும் கிளர்ச்சி எழுந்தது. அக்கோரிக்கை நியாயமற்றதென்று யாம் கூறோம். உணவுப் பஞ்சம் நிலவிய காலம் அது. அச்சமஸ்தான மக்கள் அவ்வேட்டைகளின் ஆடம்பரத்தைக் கண்டு வயிறெரிந்திருப்பர். சாலிம் அலியோ, இந்நிலம் போயின் வட இந்தியாவில் இதனை ஒத்தது வேறொன்றில்லை என்பதை அறிந்தவர். அவர் தலைமையமைச்சர் நேருவை அணுகி எடுத்துரைத்தார். நேரு தலையிட்டமையால் நீர்நிலை பிழைத்தது. 1956 மார்ச்சு 13ஆம் நாள் அது பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஆயின், சரணாலயம் என்னும் பெயர் சூட்டியவுடன் துப்பாக்கி ஓய்ந்துவிட்டது என எண்ணற்க. பெருவிருந்தினர்க்கான வேட்டை 1964வரை நிகழ்ந்தது. மகாராசாவின் சொந்த வேட்டையுரிமையோ 1972வரை நீடித்தது. அதாவது, பதினாறு ஆண்டுகள் காவலும் வேட்டையும் ஒரே கரையில் நடந்தன. இதனைச் சிலர் கேலி செய்யலாம். அந்த இணக்கம் இல்லையாயின், உரிமையிழந்த மன்னரும் நிலம் வேண்டிய உழவரும் ஒருங்கே எதிர்க்க, அத்திட்டம் தொடக்கத்திலேயே முறிந்திருக்கும் என்பது எம் கருத்து.

அவ்வாண்டுகளில் சாலிம் அலி அங்கே வேறு வகை வேட்டை தொடங்கினார். வலையில் அகப்பட்ட வாத்தைக் கொல்லாமல், அதன் காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையம் ஒன்றைப் பூட்டிப் பறக்கவிடுவதே அது. வளையத்தைக் காண்போர் பம்பாய்ச் சங்கத்திற்கு அறிவிக்குமாறு அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பரத்பூரில் வளையமிட்ட வாத்துகளின் செய்தி நடு ஆசியாவினின்றும் சைபீரியாவினின்றும் வந்தது. இப்பறவைகளைப் பிடித்துக் கொடுத்தவர் யாவர் எனின், பீகார் நாட்டில் வழிவழியாகப் பறவை பிடித்து வாழும் மீர்சிகார் என்னும் மக்கள். கண்ணியும் வலையும் கையாளும் அவர்தம் குலத்தொழில் அறிவையே சாலிம் அலி அறிவியலுக்குப் பணிகொண்டார். சிற்றாற்றங்கரையில் வழக்கிட்ட எம் நண்பர் இருவரும் இச்செய்தியை அறிந்திருப்பரேல், சிங்கனுக்கும் நூவனுக்கும் ஒரு கூடாரத்தில் இடம் வாங்கிக் கொடுத்திருப்பர்.

அவ்வாராய்ச்சிக்கும் பணம் வேண்டுமன்றோ? பறவைகள் நோய்களை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்கின்றனவோ என்பதை அறியும்பொருட்டு முதலில் உலக நலவாழ்வு நிறுவனம் உதவிற்று. பின்னர் அமெரிக்கப் படைத்துறையைச் சார்ந்த ஓர் ஆராய்ச்சித் திட்டம் பணம் அளித்தது. அதுபற்றி, நோய்க்கிருமிப் போருக்கு ஒத்திகை இது என்னும் ஐயம் 1970களில் நாட்டில் எழுந்து, சங்கத்தாரை வருத்திற்று. நல்ல பணிக்கு எவர் கைப் பணத்தையும் பெறலாமா என்பது எளிதில் தீராத வினா. சாலிம் அலி கைநீட்டத் தயங்காதவர். ஆனால் தம் பொருட்டு நீட்டியவரல்லர். கெட்டிப் பரிசாகத் தமக்குக் கிடைத்த பெருந்தொகையைச் சங்கத்தின் பறவைப் பணிக்கே நிதியாக விடுத்தார்.

வேட்டைக்காரரின் பணத்தை ஒளிவுமறைவின்றிச் சட்டத்தாலேயே நீர்நிலைக்குத் திருப்பிய நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பெரு வறட்சியால் வாத்தினம் அருகிய 1934இல், காட்டு வாத்தைச் சுட விரும்புவோர் ஆண்டுதோறும் ஒரு டாலர் கொடுத்து ஒரு முத்திரைத் தலையை வாங்கல் வேண்டும் என்று சட்டம் செய்தனர். முதல் முத்திரைக்குப் படம் வரைந்தவர், கேலிச்சித்திரக்காரராய்ப் புகழ்பெற்று அப்போது அத்துறையின் தலைவராயிருந்த டார்லிங்கு என்பார். இன்று அதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்நிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் செல்கின்றது. இவ்வழியாக இதுகாறும் 60 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பொதுவுடைமையாகக் காக்கப்பட்டுள்ளது. 1937இல் துப்பாக்கி, தோட்டா முதலியவற்றின் மீதான வரியையும் காட்டுயிர்க்கே ஒதுக்கினர். அங்கே வாத்தைச் சுடுபவனே வாத்தின் புரவலன்.

நம் தமிழகத்தில் வேடந்தாங்கலில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. அவ்வூர் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798இல் லயனல் பிளேசு என்னும் ஆட்சியர் அப்பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். ஊரார் பறவைகளைக் காத்தது கருணையால் மாத்திரம் அன்று. எச்சம் கரைந்த அந்த ஏரி நீர் கழனிக்கு உரமாயிற்று. திருநெல்வேலிக் கூந்தன்குளத்து மக்களும் கூடுகட்டும் பறவைகளைத் தம் வீட்டு மரங்களிலும் இடர்செய்யாது காத்து வருகின்றனர். 1994இல் அது சரணாலயமாயிற்று. ஐந்தருவியினின்றும் இறங்கும் சிற்றாறும் எத்தனையோ குளங்களை நிரப்பிச் சீவலப்பேரிக்கருகே தாமிரபரணியிற் கலக்கின்றது. கார்த்திகையில் அக்குளங்களில் கிளுவையும் ஊசிவால் வாத்தும் மிதக்கக் காணலாம். அவற்றிற்கு முத்திரையும் இல்லை, மகாராசாவும் இல்லை. பாசனத்திற்குத் தேக்கிய நீரில் அவை விருந்தினர்.

பரத்பூரில் 1972இன் சட்டத்தால் வேட்டை ஒழிந்தது. 1982இல் அது தேசியப் பூங்காவாயிற்று. இங்குதான் சாலிம் அலியின் வாழ்வில் யாம் மறைக்க விரும்பாத ஒரு பிழை நிகழ்ந்தது. சூழவுள்ள ஊர்களின் எருமைகள் நெடுங்காலமாக அந்நீர்நிலையில் இறங்கி மேய்ந்து வந்தன. எருமைக்கூட்டம் பறவைக்குக் கேடு எனச் சாலிம் அலியும் அவர்தம் சங்கத்தாரும் எண்ணி, மேய்ச்சலைத் தடுத்தல் வேண்டும் என்றனர். தடை வந்தது; சுவர் நின்றது. மாற்றுப் புல்லுக்கு வழி காட்டாமல் தடுக்கப்பட்ட மக்கள் 1982 நவம்பரில் திரண்டனர். காவலர் சுட்டதில் ஊரார் சிலர் உயிரிழந்தனர். நூறாண்டு பறவைகளைச் சுட்ட இடத்தில், பறவைகளைக் காக்கும்பொருட்டு மனிதர் சுடப்பட்டனர்.

அதனினும் துயரம் ஒன்றுண்டு. அமெரிக்க மீன் காட்டுயிர்த் துறையின் உதவியோடு அதே சங்கத்தார் 1980 முதல் பத்தாண்டுகள் நடத்திய ஆராய்ச்சி, எருமைகளால் நன்மையே விளைந்தது எனக் கண்டது. எருமை மேயாதொழியவே ஒருவகை நீர்ப்புல் தடையின்றிப் படர்ந்து நீர்ப்பரப்பை மூடிற்று. வாத்து நீந்துவதற்கும் மீன் வாழ்வதற்கும் இடம் சுருங்கிற்று. இம்முடிவு முழுமையாக வெளிவந்தபோது சாலிம் அலி உயிரோடில்லை. ஆயினும் அவ்வாராய்ச்சியைத் தொடங்குவித்தவரும் அவரே. தம் கருத்தைத் தம் மாணவரே மறுத்துரைக்கக்கூடிய ஒரு முறையை அவர் நிறுவிச் சென்றார். இதனால் இறந்தோர் மீளார்.

அந்நீர்நிலையின் இன்னல் அதனோடும் தீரவில்லை. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் எழுந்த பாஞ்சனா அணையின் நீரை மேலூர் உழவர் விட மறுத்தமையால், 2004இல் கேவலாதேவ் வறண்டது. பின்னர் வேறு வழிகளில் குழாய் மூலமும் நீர் கொணரப்பட்டது. சைபீரியாவினின்றும் வந்த வெண்கொக்குகள் 2002க்குப்பின் அங்கு வரவேயில்லை. வேட்டைக்காலத்தில் மகாராசா ஒருவர் சொல்லால் திறந்த மதகு, இன்று பல துறைகளும் பல ஊர்களும் ஒப்பினாலன்றித் திறவாது. அவ்வளவில் இந்நாட்டில் குடியாட்சி வளர்ந்தது என்று மகிழ்வதா, வாத்துக்கு இரங்குவதா என்பது எமக்கு விளங்கவில்லை.

ஏனைய பெருமைகளைச் சுருங்கச் சொல்வோம். அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து பத்துத் தொகுதிகளில் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகளைத் தொகுத்தார். 1958இல் பத்மபூஷணும் 1976இல் பத்மவிபூஷணும் பெற்றார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நம் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் நிலையம் தோன்ற அவரே காரணர். மோட்டார்ச் சைக்கிளில் அவர்க்குத் தீராக் காதல்; 1950இல் சுவீடன் நாட்டு மாநாட்டுக்குத் தம் வண்டியையும் கப்பலில் ஏற்றிச் சென்று அதிலேயே போய் இறங்க, இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று அங்குள்ளோர் வியந்தனராம். தேனி மாவட்டத்து மேகமலையில் கிடைத்த ஓர் அரிய பழந்தின்னி வௌவாலுக்கு 1972இல் அவர் பெயரே இடப்பட்டது. பறவையறிஞர்க்கு வௌவால், அவர் சிரித்திருப்பார்.

1985இல் அவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டபோது, சிட்டுக்குருவியின் வீழ்ச்சி எனப் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார். சேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றிலும், அதற்கு முன்னே மத்தேயு சுவிசேஷத்திலும் வரும் கருத்து அது. எம்மனோர் சிறுவயது முதல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கேட்டது. பத்து வயதில் தாம் வீழ்த்திய குருவியை எண்பத்தொன்பதாம் வயதிலும் அவர் மறந்திலர்.

1987 சூன் 20ஆம் நாள் பம்பாயில் சாலிம் அலி காலமானார். வயது தொண்ணூறு. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் காலம் அது. அவர் வளையமிட்ட வாத்தினங்கள் இமயத்திற்கு அப்பால், வடதிசைச் சதுப்புகளில் அடைகாத்திருக்கும் காலமும் அதுவே.